ஆள் வைத்து நடந்த நடை

அந்த எட்டு நாளும் மணிக்கூடு பழுதில்லை. போனும் பழுதில்லை. புளூடூத்தை நிறுத்தி வைத்திருந்தது நான்தான். மணிக்கூட்டுக்குள் பதிந்து கிடந்த இதயத்துடிப்பு என்னுடையதில்லை, இன்னொருவருடையது, அது ஓடக்கூடாத ஓட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதை முதலே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லலாம் என்று வைத்தால் சொல்லாமலே விட்டுவிடுவேன். என் குணம் எனக்குத் தெரியும்.

முப்பத்துமூன்று வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். பரீட்சை மண்டபத்தில் பக்கத்துப் பிள்ளையின் தாளை ஓரக்கண்ணால் பார்க்கிற பிள்ளையைப் பின்னால் நின்றே பிடித்துவிடுவேன். பிடித்தால் சும்மா விடுவதில்லை. எழுப்பி நிறுத்தி, உன்ரை தலைக்குள்ளை என்ன களிமண்ணே என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்துவேன். அப்படிப் பிடிபட்டவர்களில் சிலர், இப்போது தலை நரைத்த பிறகும், கொடிகாமம் சந்தையில் என்னைக் கண்டால் மீன்கடைப் பக்கமாக நழுவிவிடுவார்கள். அப்பேர்ப்பட்ட நான்தான் அறுபத்தைந்து வயதில் இன்னொருவருடைய நடையைப் பார்த்தெழுதினேன்.

எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, பிறஷரும் இருக்கிறது. கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் நடக்கச் சொல்வார்கள். நானும் ஒவ்வொரு முறையும் ஓம் என்பேன். எனக்கு ஒரே ஒரு மகள், மெல்பேர்ணில் இருக்கிறாள். போன வருட விடுமுறைக்கு வந்தபோது என் கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள். மூன்றாம் நாள் ஒரு பெட்டியைத் திறந்து என் கையில் ஒரு கறுப்பு மணிக்கூட்டைக் கட்டினாள். அது நடையை எண்ணும், நாடித்துடிப்பைப் பார்க்கும், எல்லாவற்றையும் போனுக்கு அனுப்பும், போன் அவளுக்கு அனுப்பும். தினமும் முக்கால் மணித்தியாலம் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு போய் இருக்க வேண்டும். அவள் அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. மெதுவாக, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அதனால் எனக்கு இன்னும் பயம் வந்தது.

எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக விருப்பமில்லை. என் கணவர் போனபிறகு பத்து வருடமாக இந்த வளவுக்குள் நானே ராணி. காலையில் எழும்பி யாரோடு சண்டை பிடிப்பது என்பதை நானே தீர்மானிப்பேன். அங்கே போனால் மருமகனுக்கு முன்னால் சத்தமில்லாமல் இருமவேண்டும்.

சரி, நடப்போம் என்று வெளிக்கிட்டேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு பொம்பிளை காரணமில்லாமல் நடக்க முடியுமா? முதல் நாள் படலையைத் தாண்டி ஐம்பது அடி போகவில்லை, ஒரு சைக்கிள் நின்றது. ரீச்சர் எங்கை வெளிக்கிட்டாச்சு? சும்மா நடக்கிறன் என்றேன். சும்மாவோ என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்து ஒரு மோட்டார் சைக்கிள். என்னிடம் படித்த பொடியன், இப்போது மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஏறுங்கோ ரீச்சர் கொண்டுபோய் இறக்கிவிடுறன் என்று ஒற்றைக்காலில் நின்றான். எங்கேயடா இறக்குவாய், நானே போகுமிடம் இல்லாமல் போகிறேன் என்றால் அவனுக்கு விளங்கவில்லை. மத்தியானத்துக்குள் மட்டுவிலிலிருந்து என் மச்சாள் போன் எடுத்தாள். ரீச்சர் விடியத் தொடக்கம் றோட்டில் திரியிறாவாம், வீட்டில் ஏதும் பிரச்சினையோ என்று யாரோ கேட்டார்களாம். என்ன கோதாரி இது! ஐந்து நாள் இழுபறிப்பட்டு நடந்தேன். ஆறாம் நாள் முழங்கால் வலி என்று எனக்கு நானே லீவு கொடுத்தேன்.

எங்கள் தென்னங்காணியைக் கூட்டித் துப்புரவாக்க ஒரு மனுசி வருவார். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்தில் வீடு. விடியற்காலையில் கீரைக்கட்டைக் கொடிகாமம் சந்தையில் கொடுத்துவிட்டு, நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்து, ஓலை இழுத்து, விழுந்த தேங்காய் பொறுக்கி, வாழைக்குத் தண்ணீர் விட்டு, மத்தியானம் திரும்பிப் போவார். என்னை விட நான்கு வயதுதான் குறைவு. இப்போது எழுதும்போது அவர் இவர் என்று எழுதுகிறேன். அப்போதெல்லாம் என் வாயில் நீதான். இருபது வருடமாக நீ. அவரும் இருபது வருடமாக என்னை ரீச்சர், நீங்கள் என்பார். அவருக்கென்று ஒரு எவர்சில்வர் பேணி பின் குசினிச் சுவரில், வெளிப்பக்கமாக, ஆணியில் தொங்கும். அம்மா காலத்தில் அடித்த ஆணி. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டா. ஆணியை நான் பிடுங்கவில்லை. பாடசாலையில் இரத்தம் எல்லாருக்கும் ஒன்று என்று கரும்பலகையில் படம் கீறிப் படிப்பித்துவிட்டு வந்து, அந்தப் பேணியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளாவது கை கூசியதா என்றால் இல்லை. அதுதான் இப்போது கூசுகிறது.

ஏழாம் நாள் காலையில் அவர் வளவு கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். அந்தக் கோடிக்குப் போகிறார், இந்தக் கோடிக்கு வருகிறார். அட, இந்த மனுசி வீணாக நடக்கிறாவே என்று தோன்றியது. வீணாக என்றுதான் தோன்றியது, வேறு சொல் வரவில்லை. கூப்பிட்டு மணிக்கூட்டைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டேன். இது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும், மகள் பார்க்கச் சொன்னவள் என்றேன். நாக்குக் கூசாமல் வந்தது.

எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். நேர்த்தி வைத்தவருக்கு உடம்பு ஏலாவிட்டால் இன்னொருவர் அவருக்காகக் கோயில் வீதியைச் சுற்றுவது எங்கள் பக்கத்தில் நடக்கிறதுதானே. அம்மா முழங்கால் விழுந்தபின் வைத்த நேர்த்தியை என் தம்பி காவடி எடுத்துத் தீர்த்தான். சாமி ஒன்றும் கோபிக்கவில்லை. சாமியே ஏற்றுக்கொள்ளும்போது மெல்பேர்ணில் இருக்கிற பிள்ளை ஏன் ஏற்றுக்கொள்ளக்கூடாது?

ஏற்றுக்கொண்டாள். அன்று ஒன்பதாயிரம் அடி. மகள் சிவப்பு இதயங்களாக வட்ஸ்அப்பில் கொட்டினாள். "அம்மா, நீங்கள் என்னைவிடக் கூட நடக்கிறியள்" என்று எழுதினாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது. உண்மையாகவே நான் நடந்தது மாதிரிச் சந்தோசம். வெட்கக்கேடு என்னவென்றால், அன்று இரவு எனக்குக் கால்கூட உளைந்தது.

அதன்பிறகு அது வழக்கமாகிவிட்டது. அவர் வந்தவுடன் கையை நீட்டுவார். நான் தொடங்கு என்பதை அழுத்திக் கட்டிவிடுவேன். கை கழுவும்போது கழற்றி மாமரக் கிளையில் கவனமாகத் தொங்கவிடுவார். தண்ணீர் பட்டால் ஒன்றும் செய்யாது என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. மத்தியானம் அவர் போகும்போது கழற்றி விறாந்தை மேசையில் வைப்பார். நான் அலுமாரியிலிருந்து ஸ்பிரிற் போத்தலை எடுத்து, பஞ்சில் நனைத்து, பட்டியையும் அடிப்பக்கத்தையும் இரண்டு தரம் துடைத்துவிட்டு என் கையில் கட்டிக்கொள்வேன். நாலு மணிக்கு மகள் வீடியோவில் வருவாள். மணிக்கூடு கையில் தெரிய வேண்டுமே.

மூன்றாம் கிழமை. அவர் மாமரத்தடியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் போனில் ஒரு அறிவித்தல் வந்து விழுந்தது. நீங்கள் ஓய்வாக இருக்கும்போது உங்கள் இதயம் வழமையைவிட வேகமாகத் துடித்திருக்கிறது. நூற்றுமுப்பத்தெட்டு.

விஞ்ஞான ரீச்சருக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எழும்பிப் போய் அந்த மனுசியின் நாடியைப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது ஐயோ மகள் பார்த்துவிடுவாளே என்பதுதான். நான் நினைத்து முடிக்கவில்லை, அவளுடைய அழைப்பு வந்துவிட்டது. வேலையிடத்தில் நின்று எடுக்கிறாள். என்ன செய்தனீங்கள் அம்மா, நெஞ்சு நோகுதோ, மூச்சு வாங்குதோ? இல்லைப் பிள்ளை, மிளகாய் இடித்தனான் என்றேன். அவள் விடவில்லை. அங்கே இருந்துகொண்டே யாழ்ப்பாணத்தில் ஒரு இதய வைத்தியரிடம் நேரம் பதிந்து சனல் பண்ணினாள். நான் ஒரு பின்னேரம் முழுக்க வரிசையில் இருந்து, இன்னொருவருடைய நெஞ்சுக்காக என் நெஞ்சில் ஈசிஜி பிடித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நிம்மதியாக இருந்தது. என் நெஞ்சு நல்லது என்ற நிம்மதி. அப்படியானால் யாருடையது நல்லதில்லை என்று என் மூளை ஒரு நிமிடம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதும் பொய். கேட்டது. நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

ஈசிஜி சரி என்றாலும் தான் ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நாளும் நாடித்துடிப்பைப் பார்க்கப் போவதாக மகள் சொன்னாள். இன்னொரு அறிவித்தல் வந்தால் ரிக்கெற் போட்டு வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அடுத்த நாளே மணிக்கூட்டை அவர் கையில் கட்டாமல் விட்டிருக்கலாம். விட்டால் ஒன்பதாயிரம் அடி ஒன்பது அடியாகிவிடும். ஆகவே போனில் புளூடூத்தை நிறுத்தினேன். மணிக்கூடு போனோடு சேருதில்லை, கண்டறியாத மணிக்கூடு, பழுதாகிவிட்டது என்று மகளுக்குச் சொன்னேன்.

பாவம் அவள். வேலையால் வந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும், ஒவ்வொரு நாளும் என்னோடு மல்லுக்கட்டினாள். அம்மா, புளூடூத்தை ஒருக்கால் நிற்பாட்டிப் போடுங்கோ. ஓம் பிள்ளை, போட்டிட்டன். மணிக்கூட்டை மறக்கச் சொல்லிப் போட்டுத் திருப்பிச் சேருங்கோ. சேர்த்திட்டன், வரேல்லை. போனிலை இருக்கிற மணிக்கூட்டு அப்பை அழிச்சுப்போட்டுத் திருப்பி இறக்குங்கோ. சிக்னல் இல்லைப் பிள்ளை. பற்றறி சேமிக்கிறதை நிற்பாட்டுங்கோ, இடம் காட்டுறதுக்கு அனுமதி குடுங்கோ, போனை மணிக்கூட்டுக்குப் பக்கத்திலை வையுங்கோ. எல்லாவற்றுக்கும் ஓம், ஓம், ஓம். ஒன்றும் செய்யவில்லை. ஒருநாள் அந்த நிறுவனத்துக்கே எழுதி, அவர்கள் அனுப்பிய பதிலை எனக்கு விளங்குகிற தமிழில் ஒவ்வொரு படியாக எழுதி அனுப்பினாள். பதினான்கு படி. ஒவ்வொரு படிக்கும் கீழே, அம்மா அவசரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ என்று எழுதியிருந்தாள். நான் அதை வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மணிக்கூடு மட்டும் அவர் கையில் தொடர்ந்து ஏறியது. சேராவிட்டாலும் அது தனக்குள் சேமித்து வைக்கும் என்று மகள் சொல்லியிருந்தாள். என்றைக்கோ ஒருநாள் சேர்க்கத்தான் வேண்டும். அப்போது நடை உள்ளே இருந்தால்தானே நம்புவாள்? அறிவித்தல் வந்தால் அழுத்தி மூடிவிட்டால் அழிந்துவிடும் என்று நினைத்தேன். படித்த முட்டாள்.

இரண்டாம் நாள் அவர் தேத்தண்ணிப் பேணியோடு குசினிப் பக்கம் வந்தார். "ரீச்சர், உது கையிலை கிடந்து துடிக்குது" என்றார். பார்த்தேன். சிவப்பு இதயம், பக்கத்தில் ஒரு எண். அழுத்தி மூடினேன். ஏன் துடிக்கிறது என்று கேட்டார்.

"கன நேரம் இருந்தால் உப்பிடித்தான் அடிக்கும். எழும்பி நடக்கச் சொல்லுது. அடிச்சால் நட."

இதைச் சொன்னது நான். எனக்கு அது அப்படித்தான் அடிக்கும், மணிக்கொரு தரம் எழும்பு எழும்பு என்று. ஆகவே வாய்க்கு வசதியாக வந்துவிட்டது. அவர் தலையாட்டினார். பாதித் தேத்தண்ணியை வாழையடியில் ஊற்றிவிட்டு எழும்பி நடந்தார்.

அந்த நாளிலிருந்து பார்த்தேன். மாமரத்தடியில் இருப்பார். கையைப் பார்ப்பார். எழும்புவார். கிணற்றடியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, ஆழமாக மூச்சை எடுத்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் நெஞ்சு பறக்கிற மாதிரிக் கிடக்கு ரீச்சர் என்றும் சொன்னார். வாய்வு, உள்ளி சுட்டுத் தின் என்றேன். இதயத்தின் நான்கு அறைகளையும் கண்ணை மூடிக்கொண்டு கீறக்கூடிய கை இது. அந்தக் கையால் உள்ளிப் பூண்டு இரண்டைக் கிள்ளிக் கொடுத்து அனுப்பினேன்.

ஒன்பதாம் நாள் காலை நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தால் மாமரம் தெரியும். அவர் இருந்தார். கையைப் பார்த்தார். பேணியைக் கீழே வைத்தார். எழும்பும்போது மரத்தைப் பிடித்தார். கிணற்றடிப் பக்கம் நடந்தார், திரும்பினார், திரும்பவும் நடந்தார். தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் கால் மடிந்து அப்படியே இருந்து, பிறகு சரிந்துவிட்டார்.

நான் ஓடினேன். முழங்கால் வலிக்கவேயில்லை. தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். முகம் சாம்பலாக இருந்தது. வியர்வை ஊற்றியது. கையில் மணிக்கூடு விர் விர் என்று அடித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் திறந்து அதைத்தான் முதலில் பார்த்தார்.

"விடுங்கோ ரீச்சர். இன்னும் அடிக்குது. நடக்கவேணும்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. நடக்கவேண்டாம், நடக்கவேண்டாம் என்று சொன்னேன். அது அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். உள்ளே படுக்க வைத்து வயர்களைப் பொருத்தினார்கள். இளம் பெண் டொக்டர், நிதானமாகக் கதைத்தாள். எவ்வளவு நாளாக இப்படி இருக்கிறது என்று கேட்டாள். ஒண்டுமில்லை டொக்டர் என்றார் இவர். டொக்டர் அவர் கையைப் பார்த்தாள். மணிக்கூடு ஆர் கட்டினது? நான் தரையைப் பார்த்தேன்.

"ரீச்சர் எனக்கெண்டு கட்டிவிட்டவா" என்றார் அவர்.

அப்படியென்றால் இதில் பதிந்திருக்கும், போனில் காட்டுங்கோ என்றாள் டொக்டர். எட்டு நாளாக என் மகள் கெஞ்சிக் கேட்டதை அப்போதுதான் செய்தேன். ஒரு விரல். ஒரு சின்ன நீலப் பொத்தான். போனை அவர் கைக்குப் பக்கத்தில் பிடித்தேன். வட்டம் சுற்றியது. அது நிறைய எடுத்த நேரம் ஒரு நிமிடம்கூட இருக்காது. எட்டு நாளும் வரிசையாக வந்து விழுந்தது. ஒவ்வொரு நாளும் சிவப்பாகக் குத்தி எழும்பி நிற்கிற கோடுகள். நான் மூடிய அறிவித்தல் ஒன்றுகூட அழியவில்லை. எல்லாம் நேரத்தோடு இருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் பிறகு இருபது அடி, நாற்பது அடி என்று நடையும் இருந்தது.

டொக்டர் கனநேரம் பார்த்தாள். இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, விட்டு விட்டு வருகிறது, வருகிற நேரம் பிடிபடுவது கஷ்டம் என்றாள். யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், மருந்தால் கட்டுப்படுத்தலாம், இன்னும் கொஞ்ச நாள் கவனிக்காமல் விட்டிருந்தால் இரத்தம் கட்டிப் பாரிசவாதம் வந்திருக்கலாம் என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வேலைக்கு வாறவைக்கு ஆர் இப்பிடிப் பார்க்கினம், நல்ல வேலை செய்திருக்கிறியள் ரீச்சர் என்றாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் அதை அடக்கம் என்று நினைத்திருப்பாள். கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்தது. மகள். எட்டு நாள் துடிப்பும் அவளுக்கும் ஒரேயடியாகப் போயிருக்கிறது. நான் வெளி விறாந்தைக்குப் போனேன். அவள் அழுதுகொண்டே கதைத்தாள். எங்கை நிக்கிறியள், எழும்பாதையுங்கோ, ஆரும் பக்கத்திலை இருக்கினமே, நான் இண்டைக்கே வெளிக்கிடுறன். எனக்கொன்றுமில்லை என்றேன். பொய் சொல்லாதையுங்கோ, எனக்கு இஞ்சை எல்லாம் தெரியுது என்று கத்தினாள்.

"அது நானில்லைப் பிள்ளை" என்றேன். பிறகு, "நடந்ததும் நானில்லை."

எல்லாவற்றையும் சொன்னேன். புளூடூத்தையும் சொன்னேன். மகள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவாக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

எட்டு நாளில் நான் ஒருதரம்கூடக் கேட்காத கேள்வி அது. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். சரி என்று வைத்துவிட்டாள்.

பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்து மருந்து கொடுத்து அனுப்பினார்கள். அவர் வீட்டுக்கு வந்த அடுத்த நாள் பார்க்கப் போனேன். நடந்துதான் போனேன். வழியில் ஒரு சைக்கிள் நின்றது. எங்கை ரீச்சர்? ஒராளைப் பார்க்கப் போறன் என்றேன். யாரை என்று சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கும் எனக்கு முதுகெலும்பு வரவில்லை.

இருபது வருடத்தில் முதல் தடவையாக அந்த வீட்டுப் படலைக்குள் போனேன். சீமெந்து பூசாத கல்வீடு, முற்றம் பளிச்சென்று கூட்டியிருந்தது. கதிரையைத் துடைத்துப் போட்டார்கள். எப்படி இருக்கிறீங்கள் என்று கேட்டேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகுதான் தன்னைத்தான் கேட்கிறேன் என்று விளங்கி, சுகம் ரீச்சர் என்றார்.

அவருடைய மகள் கடைக்கு ஓடிப்போய் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி வந்து, மூடி திறக்காமல் என் முன்னால் வைத்தாள். உங்களுக்குச் சீனி இருக்கெண்டு சோடா வாங்கேல்லை என்றார் அவர். அந்த வீட்டுக் கோப்பையில் நான் குடிக்கமாட்டேன் என்பதும் அவர்களுக்குத் தெரியும், என் சீனி வருத்தமும் தெரியும். இரண்டையும் யோசித்து வாங்கியிருக்கிறார்கள். தேத்தண்ணி தாங்கோ என்று கேட்க நினைத்தேன். மூடியைத் திருகித் திறந்து குடித்தேன்.

நான் செய்தது பிழை, அந்த மணிக்கூடு நடக்கச் சொல்லி அடிக்கவில்லை என்று சொன்னேன். அவ்வளவாவது சொன்னேன்.

"தெரியும் ரீச்சர். ஆஸ்பத்திரியிலை சொன்னவை" என்றார்.

பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மணிக்கூடு. துணியை விரிக்கும் முன்னமே மணம் வந்துவிட்டது.

"நேர்ஸிட்டைக் கேட்டு ஸ்பிரிற்றாலை துடைச்சனான். நீங்கள் திருப்பித் துடைக்கத் தேவையில்லை."

குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு வேலையை முடித்துவிட்டு, முடித்துவிட்டேன் என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். அப்படியென்றால் அவர் கண்டிருக்கிறார். மத்தியானம் படலைவரை போய்த் திரும்பிப் பார்த்திருக்கிறார். எத்தனையோ நாள் கண்டுகொண்டும் அடுத்த நாள் காலையில் கையை நீட்டியிருக்கிறார். நான் எப்படி எழும்பினேன், என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.

றோட்டுக்கு வந்து தண்டவாளத்தடியில் நின்று மணிக்கூட்டை என் கையில் கட்டினேன். துடைக்கவில்லை. தொடங்கு என்பதை அழுத்திவிட்டு வீடு வரைக்கும் நடந்தேன். இருபத்தாறு நிமிடம். முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கத்தியது. சைக்கிள்கள் நின்றன, நான் நிற்கவில்லை. வீட்டு விறாந்தையில் இருந்து போனைத் திறந்தேன். ஒரு படியும் செய்யவேண்டி இருக்கவில்லை, மணிக்கூடு தானாகவே சேர்ந்தது. மகள் கட்டிவிட்ட முதல் கிழமைக்குப் பிறகு, என் கால் நடந்து பதிந்த ஒரே நடை அதுதான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதயங்கள் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெல்பேர்ணில் அவள் பார்த்துவிட்டாள். இரண்டு நிமிடத்தில் செய்தி வந்தது.

"இது ஆர் நடந்தது அம்மா?"